பேக்சைட்டுக்கு வைத்த சந்தனம்

எங்கள் வீட்டுத் துப்பாக்கியை நான் பதினோரு வருடம் புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். அதை என் வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. அதுவும் வாயால் சொல்லவில்லை.

அவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். தொண்ணூறுகளில் ஒரு நூல் மில்லில் கன்மேனாக இருந்தார். நாங்கள் குடியிருந்தது கணபதி என்ற பகுதியில். பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். பக்கத்து வீதியில் பாவாடை தைக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் மிஷின் ஓட்டினேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள். புதிதாக யாராவது வந்து என் பேரைக் கேட்டால்கூட அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். அவர்தான் சொல்வார்.

கன்மேன் வேலைக்கு மில்லில் துப்பாக்கி கொடுக்க மாட்டார்கள். துப்பாக்கியும் லைசென்ஸும் நம்முடையதாக இருக்க வேண்டும். அவர் வைத்திருந்தது அவருடைய அப்பாவின் துப்பாக்கி. மேட்டுப்பாளையம் பக்கம் பாக்குத் தோப்பில் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்தது. அதற்கும் முன்னால் அது வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்ததாம். அங்கே கழித்துவிட்டதை வாங்கி, குழலை மாற்றி, ஜனங்கள் லைசென்ஸில் வைத்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். என்னைவிட வயதில் மூத்தது. தூக்கினால் அரிசி மூட்டையின் ஒரு மூலையைத் தூக்கினது போல இருக்கும். அதற்கு உறை நான்தான் தைத்தேன், கம்பெனியில் மிஞ்சிய பாவாடைத் துணியில். ரோஸ் நிறம். மில்லில் எல்லோரும் கேலி செய்தார்கள் என்று கேள்வி. அவர் ஒரு நாளும் உறையை மாற்றச் சொல்லவில்லை.

அந்தத் துப்பாக்கியில் அவர் யாரையும் தொட விடாத இடம் ஒன்று இருந்தது. அதற்குப் பேக்சைட் என்று பேர். குழலின் முனையில் ஒரு சின்னப் பல் நிற்கும். பின்னால், நம் கண்ணுக்குக் கிட்டே, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு தகடு படுத்திருக்கும். எடுத்து நிறுத்தினால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்துக்குள் முன்பல்லைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதுதான் குறி. தகட்டை, காது மாதிரி இரண்டு பக்கமும் நிற்கும் இரும்புக்கு நடுவில், ஓர் ஆணி பிடித்திருக்கும், கதவுக்குக் கீல் மாதிரி.

"இதுதான் கண்ணு. இதுக்கு எண்ணெய் போடக்கூடாது. எண்ணெய் மினுங்குனா குறி தெரியாது" என்பார். மற்ற இடமெல்லாம் அவரே எண்ணெய் போட்டுத் துடைப்பார். அந்த இடத்தை மட்டும் உலர்ந்த துணியால் தட்டிவிடுவார்.

ஆயுத பூசை வந்தால் துப்பாக்கியைப் பொட்டு வைக்காமல் விட எனக்கு மனசு வராது. அம்மிக்கல், அரிவாள்மனை, என் கத்தரிக்கோல், அவர் சைக்கிள் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது அது மட்டும் சும்மா படுத்திருக்குமா? தோட்டா இல்லை என்று பார்த்து அவர் மேசைமேல் வைத்துக் கொடுப்பார். நான் சந்தனம் வைப்பேன். எங்கே வைப்பது? பின்னால் இருக்கும் மரக்கட்டையில் வைத்தால் முதுகில் வைத்த மாதிரி இருந்தது. அந்தத் தகட்டை நிறுத்தினால் அசல் நெற்றி. அதில் சந்தனத்தை அப்பி, நடுப் பள்ளத்தில் குங்குமம் வைத்தால் பார்க்கவே ஒரு களையாக இருக்கும்.

பூசை முடிந்த மறுநாள் உலர்ந்த துணியில் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டு அவர் வெளியே போவார். காய்ந்த சந்தனம் துணிக்கு வருமா? வராது. பித்தளைக் குத்துவிளக்குக்கு ஊறவைத்த புளி பக்கத்திலேயே இருக்கும். நெல்லிக்காய் அளவு எடுத்துத் தகட்டில் தேய்த்தால் சந்தனமும் போகும், பழைய கறுப்பும் போகும். தண்ணீர் விட்டு முந்தானையில் ஒற்றி எடுத்துவிடுவேன். பளபள என்று இருக்கும்.

"என்ன அம்மிணி, இது இப்படி மினுங்குது?" என்று அவர் கேட்பார்.

"கை பட்டுத்தானுங்க" என்பேன்.

சிம்னி விளக்கைக் கொளுத்தி, அந்தப் புகையில் தகட்டைக் காட்டி மறுபடி கறுப்பாக்குவார். வருடா வருடம் நான் வெளுப்பேன், அவர் கறுப்பாக்குவார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அப்படி ஒரு வேலை நடந்துகொண்டே இருந்தது. கீலுக்குள் புளித்தண்ணீர் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எலெக்ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். முடிந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். அதுவரைக்கும் மில்லில் அவர் லத்தியோடு நிற்பார். அந்த நாட்களில் சாப்பாட்டு வாளியை என்னை மில்லுக்குள் கொண்டுவர விட மாட்டார். லத்தியோடு நிற்பதை நான் பார்க்கக்கூடாதாம். லத்தியை உள்ளே வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே வந்து வாங்கிக்கொண்டு போவார்.

அந்த வருடம் எலெக்ஷன் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை துப்பாக்கியை வாங்கி வந்தார். ரோஸ் உறையைக் கழற்றினார். பேக்சைட்டில் யாரோ சணல் நூல் போட்டு அடையாளச் சீட்டுக் கட்டியிருந்தார்கள். நூலை அறுத்துவிட்டுத் தகட்டை நிறுத்தினார். ஆடியது. விழப்போகிற பால்பல் மாதிரி, விரல் பட்டால் இந்தப் பக்கம், விட்டால் அந்தப் பக்கம்.

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பவும் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே ரைட்டரை, கணக்கு வழக்கு எழுதுகிற போலீஸ்காரரை, பத்துப் பேர் முன்னால் வைத்துக் கேட்டிருக்கிறார்.

"சீட்டுக் கட்டறதுக்கு வேற எடம் கெடைக்கலீங்களா? ஒரு ஆளோட கண்ணு முழியில கயிறு கட்டி இழுப்பீங்களா?"

ரைட்டர் சாதுவான மனிதராம். "நான் இழுக்கலீங்க. மெதுவாத்தானுங்க கட்டுனேன்" என்றாராம். அதற்கும் இவர் சத்தம் போட்டுவிட்டு வந்தார். அதை வீட்டில் வந்து சொல்லும்போது நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையில் தகடு ஆடினதைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சீட்டுக் கட்டினதால் இரும்பு ஆடாது. என் கைதான் அது.

அவருக்கு அவ்வளவு கோபம் வரக் காரணம் இருந்தது. மில்லுக்குப் புதிதாக ஒரு செக்யூரிட்டி ஆபீசர் வந்திருந்தார். சனிக்கிழமை கன்மேன் எல்லோரும் சுடுகிற மைதானத்துக்கு வந்து, அட்டையில் ஐந்து தோட்டா சுட வேண்டும் என்று அவர் உத்தரவு. குறைந்தது மூன்று பட வேண்டும். படாதவர்கள் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் பின் கேட்டில் லத்தியோடு நிற்க வேண்டும். ஒரு மாதத்துக்கு இல்லை, வேலையை விட்டு நிற்கும் வரைக்கும்.

"பின் கேட்டுல நிக்கறதுக்கு நான் தோப்புக்கே போயி பன்னி வெரட்டறேன்" என்றார். சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் கோட்டைமேட்டில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் பாயிடம் போவதாகச் சொன்னார். பாவாடை நாடா வாங்க வேண்டும் என்று நானும் கிளம்பினேன். நாடா வீட்டிலேயே இரண்டு கட்டு இருந்தது. பாய் திறந்து பார்த்து என்ன சொல்வாரோ என்ற பயத்தில்தான் போனேன்.

டவுன் பஸ்ஸில் அவர் துப்பாக்கியை மடிமேல் நிறுத்திப் பிடித்திருந்தார். கண்டக்டர் ரோஸ் உறையைப் பார்த்தார்.

"ஏனுங்க, கரும்புங்களா? லக்கேஜ் போடணுமாட்ட இருக்குது?"

"இனிக்காதுங்க" என்றார் இவர், சிரிக்காமல்.

கண்டக்டர் உறையின் முனையைப் பார்த்தார், இவர் மீசையைப் பார்த்தார், இரண்டு டிக்கெட் மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். மற்ற நாளாக இருந்தால் நான் முந்தானையால் வாயை மூடிச் சிரித்திருப்பேன்.

பாய்க்கு அறுபது வயது இருக்கும். கடை ஒரு ஆள் அகலம். ஒரு மேசை, அதில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், சுவரில் அரங்கள், லைசென்ஸைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க தங்கச்சி. பட்டாளத்தார் நிக்கட்டும், அவருக்கு நின்னு பழக்கம்."

இவர் ஸ்டேஷன் கதையை ஆரம்பித்தார். பாய் தலையை ஆட்டிக்கொண்டே துப்பாக்கியை வைஸில் துணி சுற்றிக் கவ்வ வைத்தார். எதிர்க்கடைக்காரர் இவருக்குத் தெரிந்தவர் போலிருக்கிறது, "என்னுங்க, ஸ்டேஷன்ல சண்டையா?" என்று கூப்பிட்டார். முதலில் இருந்து கதை சொல்ல இவர் எதிர்ப்பக்கம் போய்விட்டார். கடையில் பாயும் நானும்தான்.

பாய் முனை மழுங்கிய கம்பி ஒன்றை ஆணியின் மேல் வைத்து மெதுவாகத் தட்டினார். ஆணி அந்தப் பக்கம் வெளியே வந்து விழுந்தது. உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குக் காட்டினார். இரண்டு முனையும் நன்றாக இருந்தது. நடுவில் எறும்பு இடுப்பு மாதிரி மெலிந்திருந்தது. பிறகு தகட்டை எடுத்தார். கீழே, பள்ளத்துக்குள், மஞ்சளும் சிவப்பும் கறுப்புமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. சின்ன உளியால் சுரண்டி மூக்கருகில் கொண்டுபோனார்.

"சந்தனம்" என்றார். பிறகு விரல் நுனியில் தேய்த்துப் பார்த்து என்னைப் பார்த்தார். "புளி போட்டீங்களா தங்கச்சி?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"எத்தன வருசமா?"

"பதினொன்னுங்க."

பாய் சத்தம் வராமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. "எங்க ஊட்டுல போன மாசம் என் அரத்தையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி மொட்டை மாடியில காய வெச்சுப்போட்டாங்க. சுத்தமா இருக்கட்டும்னு. ஒரு அரம் துருவுக்குத் தப்பலீங்க. நான் யாருகிட்டச் சொல்றது?"

இவர் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. பாய் பொருக்கை எல்லாம் மண்ணெண்ணெய் டப்பாவுக்குள் தட்டிவிட்டார்.

"ஆணி தேஞ்சுபோச்சுங்க" என்றார் இவரிடம்.

"தேயாம? கயிறு கட்டி இழுத்தா?"

"இழுத்தாத் தேயாதுங்க. இது பல வருசத்துத் தேய்மானம்."

"நீங்க அவனுகளுக்குப் பரிஞ்சு பேசாதீங்க பாய்" என்றார் இவர். பாய் ஆணி டப்பாவை இழுத்தார்.

ஆணிக்கு என்ன செய்வது என்பதுதான் பெரிய பாடாகப் போயிற்று. இந்தத் துப்பாக்கிக்கு ஆணி மெட்ராஸில் சொல்லி வைத்தால் பத்துப் பதினைந்து நாளில் வரலாம் என்றார். சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. சாதாரண ஆணி ஒன்றை அராவிப் போட்டுப் பார்த்தார். இரும்பு மெத்து, தகட்டைப் படுக்கவைத்து நிறுத்தியதும் வளைந்தது. சைக்கிள் போக்ஸ் கம்பியைப் போட்டுப் பார்த்தார். ஒரு மயிரளவு மெலிசு. கலகல என்று ஆடியது. ஓட்டையைப் பெரிசாக்கினால் காது வெடித்தாலும் வெடிக்கும், பழைய இரும்பு என்றார். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீதியைப் பார்த்து நின்றார். மில் பின் கேட்டைப் பார்ப்பது போல இருந்தது.

என் பர்ஸில் ஒரு தைல டப்பா இருந்தது. கம்பெனியில் மிஷின் ஊசி உடைந்தால் யார் காலிலாவது குத்திவிடும் என்று நான் அதில் போட்டு வைப்பேன். முனைதான் உடையும், மேல்தண்டு அப்படியே இருக்கும். வீட்டு மிஷின் ஊசிக்குத் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். எங்கள் பவர் மிஷின் ஊசிக்கு அப்படி இல்லை, முழு உருண்டை. எஃகு. வளையாது.

டப்பாவைத் திறந்து, மேசை ஓரத்தில் வைத்தேன். வாய் வரவில்லை.

"என்னது தங்கச்சி?"

"ஊசித்தண்டுங்க. இது... வளையாதுங்க."

பாய் ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டையில் வைத்துப் பார்த்தார். தடிமன் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. நாலாவதோ ஐந்தாவதோ, பாதி வரை தானாகப் போய் நின்றது. தட்டினால்தான் மீதி போகும். பாய் நிமிர்ந்து இவரைப் பார்த்தார்.

"பட்டாளத்தாரே, உங்க ஊட்டுலயே ஆயுதக் கிடங்கு வெச்சிருக்கறீங்க. இங்க எதுக்கு வந்தீங்க?"

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இவர் அப்போதுதான் சிரித்தார்.

துருவை மண்ணெண்ணெயில் கழுவி, தேய்த்து, உலர்த்தி, தகட்டை வைத்து, ஊசித்தண்டைத் தட்டி இறக்கினார் பாய். வெளியே நீண்டதைக் கல்லில் தீட்டிக் காதோடு மட்டம் செய்தார். எஃகு தட்டினால் விரியாது, உடையும் என்று, ஓட்டையின் ஓரத்தில் காதை இரண்டு இடத்தில் புள்ளி அடித்து ஆணி நழுவாமல் அடைத்தார். தகட்டை நிறுத்தி விரலால் ஆட்டினார். ஆடவில்லை. பிறகு என்னிடம் கறுப்பு நூல் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பின் பள்ளத்தில் இருந்து முன்பல் வரைக்கும் நூலை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். ஒரு முனை என் கையில், மறுமுனை இவர் கையில். பதினோரு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தொட்டது அன்றைக்குத்தான். பாய் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "நேரா இருக்குதுங்க" என்றார்.

கிளம்பும்போது பாய் இவரிடம் சொன்னார்: "இனி இந்த எடத்துல ஈரம் படக்கூடாது. பூசை நாளாவே இருந்தாலும்." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நல்ல மனிதர்.

சனிக்கிழமை அவர் விடியும்போதே போனார். சிம்னிப் புகை காட்டிய தகட்டோடு. நான் கம்பெனிக்குப் போய் மிஷினில் உட்கார்ந்தேன். பத்து மணிக்குள் இரண்டு ஊசி உடைத்தேன். ஒரு பாவாடைக்கு நாடா வைக்கிற பக்கத்தைக் கீழேயும், கரையை மேலேயும் வைத்துத் தைத்துவிட்டேன். பக்கத்து மிஷின்காரி, "அக்கா, இதைத் தலைகீழா நின்னுதான் கட்டணும்" என்றாள். ஆணி நடுவில் விட்டுப் போய்விட்டால் என்ன ஆகும்? அவர் பின் கேட்டில் நிற்பார். எதனால் நிற்கிறோம் என்று தெரியாமலே நிற்பார். அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் கம்பெனி வாசலில் நிழல் விழுந்தது. அவர் அங்கே வந்ததே இல்லை. ரோஸ் உறை தோளில். எல்லா மிஷினும் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்து நாலு விரலைக் காட்டினார்.

"அஞ்சாவது?" என்றாள் பக்கத்து மிஷின்காரி, நான் கேட்காததை. காலையிலேயே அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்.

"தும்மல் வந்துபோச்சுங்க" என்றார்.

பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் மிஷினுக்குள் தலையை விட்டு நூல் கோத்தேன். கண்ணில் தண்ணீர் வந்து ஊசிக் காது தெரியவில்லை.

அதோடு முடிந்திருக்கலாம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பட்டாளத்தில் இந்தி எழுதப் பழகியவர். தமிழ் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பார், எழுத வராது. மில் லீவு லெட்டர் வரைக்கும் நான்தான் எழுதுவேன்.

"எழுது அம்மிணி. இன்ஸ்பெக்டருக்கு. அந்த ரைட்டரை நான் சும்மா உடறதில்ல. என் பொழப்பையே கெடுக்கப் பாத்தான்."

"எதுக்குங்க இப்ப. அதுதான் நாலு பட்டுருச்சல்ல."

"பட்டது நம்ம ஊசியால. எழுது. உயர்திரு இன்ஸ்பெக்டர் அய்யா அவர்களுக்கு."

எழுதினேன்.

"துப்பாக்கியை நான் ஒப்படைத்தபோது பேக்சைட் கெட்டியாக இருந்தது. எழுதிட்டியா?"

"எழுதிட்டனுங்க."

"திரும்ப வாங்கும்போது ஆடியது. அதை ஆட வைத்தது..." என்று நிறுத்திவிட்டு, ரைட்டர் பேருக்கு முன்னால் திரு போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்தார்.

எங்கோ ஒரு சாது மனிதர், பத்துப் பேர் முன்னால் திட்டு வாங்கினவர். அவருக்கும் வீட்டில் பெண்டாட்டி இருப்பாள். பேனா என் கையில் இருந்தது. நான் எழுதினேன்: "அதை ஆட வைத்தது நான்தானுங்க. வருசா வருசம் பூசை முடிந்து புளி போட்டுத் தேய்த்தேன். ஸ்டேஷன்காரர் மேல் தப்பு இல்லை."

"படி பாக்கலாம்" என்றார்.

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "நா... ன்... தா... னுங்க." அதற்குப் பிறகு சத்தம் இல்லை, உதடு மட்டும் அசைந்தது. இரண்டாம் தடவை முதலில் இருந்து படித்தார். எழுந்து வெளியே போனார். வீதி முனை வரைக்கும் போய்த் திரும்பி வருவது ஜன்னலில் தெரிந்தது. வந்து நின்றார்.

"புளியா?"

"ஆமாங்க."

"எவ்வளவு?"

"நெல்லிக்கா அளவுங்க."

"ரசத்துக்கே நீ அத்தன போடறதில்லையே" என்றார்.

நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

"பாய்க்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"ரெண்டு பேரும் சேந்து என்னைய ஆட்டிப்போட்டீங்க" என்றார். தாளைக் கிழிக்கவில்லை. நாலாக மடித்து லைசென்ஸ் புத்தகத்துக்குள் வைத்தார். அன்று மத்தியானம் ரசம் வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. தயிர்சாதம்தான்.

ஸ்டேஷனுக்குப் போய் மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அந்த வீதி வழியாகச் சைக்கிளில் போனால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவார். நாங்கள் இரண்டு பேருமே ஒரே ஜாதிதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். எனக்கு எல்லாவற்றுக்கும் வாய் வராது, அவருக்கு இதற்கு மட்டும்.

ஆயுத பூசை வந்தது. துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். அவர் பின்னால் இருக்கும் கட்டையைத் தட்டிக் காட்டினார். "இங்க வையி. எத்தன வேணும்னாலும் வையி." வைத்தேன். கட்டையில் பெரிய பொட்டு, முதுகில் வைத்த மாதிரிதான் இருந்தது. பேக்சைட் கறுப்பாக, உலர்ந்து, சும்மா படுத்திருந்தது.

பூசை முடிந்து பொரி கடலை பிரிக்கும்போது, "ரெண்டு பொட்டலம் தனியாக் கட்டு" என்றார்.

"யாருக்குங்க?"

"பாய்க்கு ஒன்னு. இன்னொன்னு பெருசாக் கட்டு. ஸ்டேஷனுக்கு."

"என்னன்னு சொல்லிக் குடுப்பீங்க?"

"பொரி குடுக்கறதுக்கு என்னத்தச் சொல்றது?" என்றார். ஆனால் போகும்போது லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, நடையிலேயே வித்தியாசத்தோடு வந்தார்.

"வாங்கிக்கிட்டாருங்களா?"

"எதுக்குங்க இதுன்னு கேட்டாரு. எனக்கு வாய் வரல. அந்தத் தாளை எடுத்துக் குடுத்துப்போட்டேன்."

"படிச்சாருங்களா?"

"சத்தமாவே படிச்சாரு. சிரிச்சுச் சிரிச்சு அவருக்குப் பொறை ஏறிப்போச்சு. எழுத்து முத்து முத்தா இருக்குதுன்னாரு. ரைட்டரே சொல்றாரு அம்மிணி, அவருக்கு எழுத்துதான் வேலையே."

"இன்னும் யாரு இருந்தாங்க?"

அவர் விரலை மடக்கி எண்ணினார். "ஏட்டு, பாரா நின்னவரு, டீ கொண்டாந்தவரு, அப்பறம் ஒரு கேஸுக்கு வந்த ரெண்டு பேரு. அவங்களும் நல்ல எழுத்துன்னுதான் சொன்னாங்க."

அதற்குப் பிறகு அந்த ரைட்டர் மாற்றலாகிப் போகும் வரைக்கும் நான் ஸ்டேஷன் வாசலைத் தாண்டாமல், கம்பெனிக்குச் சுற்றுவழியாகத்தான் போய் வந்தேன்.